திறந்த கதவும் வளர்ப்பு முயலும்
காவல், சுதந்திரம் என்பன பற்றிய ஓர் ஒழுக்கவியல் நோக்கு

கூட்டில் வளர்க்கப்படும் முயலைத் திறந்த வெளிக்குக் கொண்டு செல்லலாமா? கொண்டு செல்வதாயின், அதற்கு ஊறும் அச்சமும் நேராவண்ணம் எங்ஙனம் கொண்டு செல்வது? இவ்வினாக்கள் மிருக வைத்தியருக்கும் வீட்டிலே முயல் வளர்க்கும் சிறாருக்கும் உரியனவேயன்றி மெய்யியல் மாணவருக்கு உரியனவல்ல என்றே முதற்பார்வையில் தோன்றும். ஆயினும் சற்று ஊன்றி நோக்கின், ஒழுக்கவியலின் கடினமான வினாவொன்று இச்சிறு வினாவினுள் அடங்கியிருத்தல் புலனாகும். தன் விருப்பை எடுத்துரைக்கும் மொழி அற்றதும், தன் வாழ்வு முழுவதும் நமது கையில் தங்கியிருப்பதுமாகிய ஓர் உயிருக்கு நாம் கடமைப்பட்டிருப்பது காவலா, சுதந்திரமா? இரண்டுமே என்றால், அவை ஒன்றோடொன்று முரணுமிடத்து எதனை விடுத்து எதனைக் கொள்வது? இதனை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மனிதருடைய துயரங்களே தீராது கிடக்கும் நாட்டில் முயலின் சுகம் பற்றி எழுதுதல் தகுமா என வினவுவோர் இருக்கலாம். அவ்வினா புறக்கணிக்கத்தக்கதன்று. ஆனால், அதிகாரம் எத்தன்மையது என்பதை அறிய விரும்புவோர், அது எதிர்ப்பைச் சந்திக்கும் இடங்களை மட்டும் ஆராய்தல் போதாது. முறையிடுவார் எவரும் இல்லாத இடத்தில், சாட்சி சொல்வார் இல்லாத பின்வளவில், ஒருவர் தமது அதிகாரத்தை எவ்வாறு கையாள்கின்றார் என்பதிலேயே அதன் உண்மை இயல்பு வெளிப்படும். முயற்கூடு அத்தகைய இடங்களுள் ஒன்று. அங்கு நிகழும் அநீதிக்கு எக்காலத்தும் கண்டனம் எழப்போவதில்லை. எனவேதான் அங்கு நீதி எது என்பதை நாமே வினவிக்கொள்ள வேண்டியுள்ளது.

எந்த முயல்?

முதற்கண் ஒரு மயக்கத்தை நீக்குதல் வேண்டும். தமிழில் முயல் என்னும் ஒரே சொல் இருவேறு விலங்குகளைச் சுட்டுகின்றது. நமது நாட்டின் பற்றைகளிலும் புல்வெளிகளிலும் வாழும் காட்டுமுயல் ஒன்று. அது வளை தோண்டி வாழ்வதில்லை. புதர்களிடையே நிலத்தோடு ஒட்டிப் படுத்துக்கிடக்கும். அதன் குட்டிகள் உரோமத்தோடும் திறந்த கண்களோடும் பிறப்பன. நமது பழைய இலக்கியங்கள் கண்ட முயல் இதுவே. கூட்டில் வளர்க்கப்படும் முயலோ வேறு. அதன் மூதாதை இனம் ஐரோப்பாவின் தென்மேற்கு மூலையிலுள்ள ஐபீரியத் தீபகற்பத்துக்குரியது. நிலத்தின் கீழ் வளை தோண்டிக் கூட்டமாக வாழும் இயல்பினது. அதன் குட்டிகள் உரோமமின்றியும் கண் திறவாமலும் வளையினுள்ளே பிறப்பன. இன்று உலகெங்கும் வளர்க்கப்படும் வெள்ளை, கறுப்பு, சாம்பல் நிற முயல்கள் அனைத்தும் அவ்வினத்தின் வழிவந்தனவேயாகும்.

இவ்வேறுபாடு விலங்கியலுக்கு மட்டும் உரியதன்று. 'வெளி' என்னும் சொல்லை நாம் எளிதில் 'வீடு' என்னும் பொருளிற் கையாள்கின்றோம். கூண்டுக் கிளியைத் திறந்துவிடுவோர் அது தன் வீட்டுக்குச் செல்கின்றது என்று எண்ணி மகிழ்கின்றனர். ஆனால் யாழ்ப்பாணத்துப் பனங்கூடலோ பேராதனைப் புற்றரையோ வளர்ப்பு முயலின் வீடல்ல. அதன் மூதாதையர் அறிந்த மண்ணும் பருவமும் பகைவிலங்குகளும் வேறு. பல தலைமுறைகளாக மனிதன் தெரிந்தெடுத்துப் பெருக்கிய அதன் உடலும் அம்மூதாதையரின் உடலன்று. வெள்ளை உரோமம் பூண்ட உயிர் பச்சைப் புல்லிலே ஒளிந்துகொள்வது எங்ஙனம்? காட்டின் எந்த நிலமும் அவ்வெண்மைக்கு மறைவு தராது.

முயலை வரம்பின்றித் திறந்துவிடுதல் முயலுக்கு மட்டுமன்றிப் பிற உயிர்களுக்கும் கேடாகலாம் என்பதற்கு வரலாறு சான்று தருகின்றது. 1859ஆம் ஆண்டில் அவுஸ்திரேலியாவின் விக்டோரியாப் பகுதியில் தோமஸ் ஒஸ்ரின் என்னும் நிலவுடைமையாளர், வேட்டை விளையாட்டின் பொருட்டு இங்கிலாந்திலிருந்து வருவித்த முயல்களைத் தமது நிலத்தில் விட்டார். அவற்றின் தொகை ஏறத்தாழ இரு டசின் மட்டுமே. சில பத்தாண்டுகளுள் அவற்றின் சந்ததி கண்டத்தின் பெரும்பகுதியில் பரவி, புல்வெளிகளை அழித்து, அந்நிலத்துக்கே உரிய சிறு விலங்குகளின் வாழ்வைக் குலைத்தது. மேற்கு அவுஸ்திரேலியாவில் 1901 முதல் 1907 வரை மூவாயிரம் கிலோமீற்றருக்கும் அதிக நீளமான வேலிகள் அமைக்கப்பட்டும் முயல்கள் நிற்கவில்லை. 1950இல் முயல்களைக் கொல்லும் வைரசு நோயொன்று வேண்டுமென்றே பரப்பப்பட்டது. விட்டவர் ஒருவர். நோயுற்று மடிந்தவை எண்ணிலடங்காத முயல்கள். கதவைத் திறந்துவிடுதலே அறம் என்னும் எளிய விடை இவ்வாறு முதற்படியிலேயே தோல்வியுறுகின்றது.

கூடும் வீடன்று

ஆயின், கூட்டிலேயே அடைத்து வைத்தலே அறம் என்னும் மறு விடை சரியாகுமா? முயலின் உடலே அதனை மறுக்கின்றது. அதன் பின்னங்கால்கள் பாய்ந்தோடுதற்கென அமைந்தவை. முன்னங்கால்கள் மண் தோண்டுதற்கு அமைந்தவை. பற்கள் வாழ்நாள் முழுவதும் வளர்வன. நாரும் புல்லும் இடைவிடாது அரைக்கப்படும்போதே அவை அளவோடு தேய்கின்றன. பின்னங்கால்களில் நிமிர்ந்து நின்று நாற்புறமும் நோக்குதல் அதன் அன்றாட இயல்பு. கைவீச்சு அகலமுள்ள பெட்டியில் ஆண்டுக்கணக்காக வாழும் முயலுக்கு எலும்பு மெலிதல், உடல் பருத்தல், கம்பித் தளத்தினாற் பாதம் புண்படுதல் முதலிய கேடுகள் வருவதுண்டு. கம்பியை ஓயாது கடித்தல் போன்ற பயனற்ற செயல்களும் அதனிடம் தோன்றுவதுண்டு. உணவும் நீரும் குறைவின்றிக் கிடைத்தும், வாழ்வு கிடைக்காத நிலை இது.

1964இல் ரூத் ஹரிசன் என்னும் பிரித்தானியப் பெண்மணி, பண்ணை விலங்குகள் இயந்திரங்களைப் போல நடத்தப்படுவதைக் கண்டித்து நூலொன்றை வெளியிட்டார். அதன் விளைவாக அமைக்கப்பட்ட விசாரணைக் குழு 1965இல் தனது அறிக்கையைச் சமர்ப்பித்தது. இவ்வழிவந்த சிந்தனையே 1979ஆம் ஆண்டில் பிரித்தானியப் பண்ணை விலங்கு நலன் மன்றத்தினால் 'ஐந்து சுதந்திரங்கள்' எனத் தொகுக்கப்பட்டு, பின்னர் உலகெங்கும் ஏற்கப்படலாயிற்று. பசி தாகத்தினின்று விடுதலை, அசௌகரியத்தினின்று விடுதலை, நோவு காயம் நோய் என்பவற்றினின்று விடுதலை, இயல்பான நடத்தையை வெளிப்படுத்தும் சுதந்திரம், அச்சத்தினின்றும் மன உளைச்சலினின்றும் விடுதலை என்பனவே அவ்வைந்தாம்.

நமது வினாவின் முள் இங்கேதான் உள்ளது. முயலை வெளியே கொண்டு செல்லும் கணத்தில் நான்காவது சுதந்திரமும் ஐந்தாவது சுதந்திரமும் ஒன்றையொன்று எதிர்த்து நிற்கின்றன. ஓடவும் தோண்டவும் மேயவும் வெளி வேண்டும். அந்த வெளியே அச்சத்தின் உறைவிடமாகவும் உள்ளது. ஐந்தினையும் வரிசையாக எழுதுவது எளிது. ஒரே உயிரில் ஒரே வேளையில் அவற்றைப் பொருத்துவதே அரிது.

அச்சம் மௌனமாயிருத்தல்

முயலின் அச்சம் எத்தகையது என்பதை அறியாது மேற்செல்லவியலாது. வேட்டையாடப்படும் உயிர்களுக்கேற்ப அதன் கண்கள் தலையின் இருபக்கங்களிலும் அமைந்துள்ளன. தலையைத் திருப்பாமலே ஏறத்தாழ முழுவட்டத்தையும் அது காணும். ஆனால் மூக்கின் முன்னே சிறியதோர் இடம் அதற்குத் தென்படாது. மேலிருந்து இறங்கும் கை அதற்குப் பருந்தின் நிழலினின்றும் வேறல்ல. ஆபத்தை உணர்ந்தால் ஓடும். ஓட வழியில்லையேல் உறைந்து நிற்கும். நோவுற்றாலும் பெரும்பாலும் குரலெழுப்பாது. நோயுற்றதும் நலிந்ததும் முதலிற் கொல்லப்படும் உலகிலே உருவான இனமாதலின், நலிவை மறைத்தலே அதன் தற்காப்பாயிற்று.

இதனால் விளையும் ஒழுக்கவியற் சிக்கல் பெரிது. முயலை மல்லாத்திக் கிடத்தினால் அது அசைவற்றுக் கிடப்பதைப் பலர் கண்டிருப்பர். அது சுகமாக உறங்குகின்றது எனக் கருதி மகிழ்வோரும் உளர். உண்மையில் அது அச்சத்தின் உச்சநிலை. கொல்லும் விலங்கின் பிடியில் அகப்பட்ட உயிர் செத்ததுபோற் கிடக்கும் நிலைக்கு ஒப்பானது. நமக்குச் சாந்தமாகத் தோன்றுவது அதற்குப் பேரச்சமாயிருக்கின்றது. அடக்கப்பட்டோரின் மௌனத்தைச் சம்மதமென வாசிக்கும் வழக்கம் மனித வரலாற்றிலும் நாம் அறியாததன்று.

1974இல் அமெரிக்க மெய்யியலாளர் தோமஸ் நேகல், வௌவாலாக இருத்தல் எத்தகையது என்று வினவி, மற்றோர் உயிரின் அகவுலகை அதன் உள்ளிருந்து நாம் அறியவியலாது என வாதிட்டார். அவ்வாதத்தின் வலிமையை மறுக்கவியலாது. எனினும் உள்ளிருந்து அறியவியலாமை, ஒன்றுமே அறியவியலாமை ஆகாது. முயலுக்குச் சொல் இல்லையாயினும் குறி உண்டு. நிலத்தோடு ஒட்டிப் பதுங்குதல், காதுகளை முதுகோடு அழுத்துதல், கண்கள் பிதுங்குதல், மூச்சு விரைதல், பின்னங்காலால் நிலத்தை ஓங்கி அறைதல், உண்ண மறுத்தல் என்பன அச்சத்தின் குறிகள். கால்களை நீட்டிப் படுத்தல், முகத்தைக் கழுவுதல், திடீரென மேலெழுந்து உடலை முறுக்கித் துள்ளுதல், தலை தாழ்த்தி மேய்தல் என்பன அமைதியின் குறிகள். அறியாமை நம்மை மன்னிக்கும். கற்றுக்கொள்ளக் கூடியதைக் கல்லாமை மன்னிக்காது.

மூன்று விடைகள்

மேனாட்டு மெய்யியல் இவ்விடத்து மூன்று வழிகளைக் காட்டுகின்றது. விலங்குகளுக்கு நாம் நேரடியாகக் கடமைப்பட்டவரல்லோம் என்றார் இமானுவேல் கான்ற். விலங்கினிடம் கொடுமை செய்பவன் மனிதரிடத்தும் கொடியவனாவான், ஆதலின் அதனைத் தவிர்க்க வேண்டும் என்பது அவரது நிலை. ஆனால் நமது வழக்கிலே கொடியவன் எவனும் இல்லை. அன்பு மிகுதியால் முயலைத் தூக்கிக்கொண்டு சந்தடி மிக்க தெருவுக்குச் செல்லும் சிறுமியின் உள்ளம் அச்செயலால் வன்மையுறுவதில்லை. அவள் மகிழ்கின்றாள். முயலின் இதயமோ வெடிக்குமாறு துடிக்கின்றது. கான்றின் அளவுகோலால் இத்தவற்றை அளக்கவியலாது.

1789இல் வெளியான நூலில் ஜெரமி பெந்தாம், விலங்குகளைப் பற்றிக் கேட்கவேண்டிய கேள்வி அவை சிந்திக்குமா பேசுமா என்பதன்று, அவை துன்புறுமா என்பதே என நிறுவினார். 1975இல் பீற்றர் சிங்கர் அவ்வழியே தமது வாதத்தை விரித்தார். இவ்வளவுகோல் முயலின் மறைந்த அச்சத்தைப் பிடித்துக்கொள்கின்றது. ஆனால் துன்பத்தைக் குறைத்தல் ஒன்றையே நோக்காகக் கொண்டால், அச்சமே நேராத இருட்டுக் கூடு உத்தமமானது என்ற முடிவுக்கும் நாம் வந்துவிடக்கூடும். துன்பம் இன்மையும் நல்வாழ்வும் ஒன்றல்ல.

மூன்றாவது வழி அரிஸ்ரோட்டிலின் மரபைச் சார்ந்தது. ஒவ்வோர் உயிருக்கும் அதன் இயல்புக்குரிய செயல்கள் உண்டு, அச்செயல்களை ஆற்றி மலர்தலே அதன் நன்மை என்பது அம்மரபின் சாரம். நமது காலத்தில் மார்த்தா நுஸ்பாம் தமது 2006ஆம் ஆண்டு நூலில் இதனை விலங்குகளுக்கான நீதிக் கோட்பாடாக விரித்துள்ளார். இதன்படி ஓடுதல், தோண்டுதல், மேய்தல் என்பன முயலுக்கு நாம் அளிக்கும் கேளிக்கைகளல்ல. அவை அதன் வாழ்வின் உறுப்புகள். அவற்றை மறுத்துவிட்டு, நான் ஒரு துன்பமும் செய்யவில்லை என்று கூறுதல் பொருந்தாது. பெந்தாமின் வினாவோடு இவ்விடையையும் சேர்த்தே நாம் கொள்ளவேண்டும். ஒன்று எல்லையைக் காட்டும், மற்றது திசையைக் காட்டும்.

பேகனின் போர்வை

நமது மரபும் இவ்விடயத்தில் மௌனமாயில்லை. மயில் குளிரால் வருந்துகின்றதெனக் கருதித் தன் போர்வையை ஈந்தவன் பேகன். மயிலுக்குப் போர்வை வேண்டுமா என்று அவன் ஆராயவில்லை. அவ்வாராயாமையையே புலவர் கொடைமடம் எனப் போற்றினர். கொடுப்போனின் உள்ளப் பெருமையை அளக்க அது தக்க அளவுகோலே. ஆனால் பெறுவோனின் பக்கம் நின்று நோக்கினால் வேறொரு வினா எழும். மயிலின் தோகைக்கு அப்போர்வை பாரமாயிருக்கவில்லையா?

சீனத்துச் சுவாங் சூவின் பெயரால் வழங்கும் நூலிலும் இதனையொத்த கதையொன்று உண்டு. லூ நாட்டின் எல்லையில் வந்திறங்கிய கடற்பறவையை அந்நாட்டு மன்னன் கோயிலிலே வரவேற்று, மதுவும் இறைச்சியும் படைத்து, அரச இசை முழங்கச் செய்தான். பறவை ஒன்றும் உண்ணாது மூன்று நாளில் இறந்தது. மன்னன் பறவைக்குத் தனக்குரிய உணவை இட்டான், பறவைக்குரியதை இடவில்லை என்பது அக்கதையின் கருத்து.

வளர்ப்பு முயலை வெளியே அழைத்துச் செல்வதிலும் இவ்விரு கதைகளின் தவறு அடிக்கடி நிகழ்கின்றது. 'வெளிக்காற்று' நமக்கு இன்பமானது. ஆதலின் முயலுக்கும் இன்பமாகும் என்கின்றோம். கடற்கரையும் பூங்காவும் விருந்தினர் கூடும் முற்றமும் நமக்கு மகிழ்ச்சி தருவன. அவற்றில் முயலைக் காட்சிப்பொருளாக்கிவிட்டு அதற்கு விடுதலை அளித்ததாக எண்ணுகின்றோம். ஒருவனுக்குத் தன் பொருளை ஈதலில் மடம் அழகாகலாம். தன்னை நம்பிய உயிரைக் காத்தலில் மடம் அழகன்று. அங்கு வேண்டப்படுவது ஆராய்ச்சியே.

அறம் செயலாகுமிடம்

ஆராய்ந்து செய்வதாயின் யாது செய்தல் வேண்டும்? இவ்விடத்து மெய்யியல் மண்ணுக்கு இறங்கி வருதல் அவசியம்.

முதலாவது காலம். முயல் வைகறையிலும் அந்திப்பொழுதிலும் உற்சாகமுறும் விலங்கு. அதனால் மனிதரைப்போல வியர்வை சிந்தி உடலைத் தணிக்கவியலாது. பெரும்பாலும் காதுகளின் வழியாகவே வெப்பத்தை வெளியேற்றும். வெப்பநிலை ஏறத்தாழ 30 பாகை செல்சியசை அடையும்போது அது ஆபத்தான நிலைக்கு உள்ளாகலாம். நுவரெலியாவில் நண்பகலிலும் இயலக்கூடியது யாழ்ப்பாணத்திலோ மட்டக்களப்பிலோ விடியற்காலையில் மட்டுமே இயலும். நிழலும் நீரும் எக்காலத்தும் அருகிருத்தல் வேண்டும்.

இரண்டாவது இடம். சந்தடியற்ற வளவின் ஒரு பகுதியைக் கம்பிவலையால் அடைத்தல் நன்று. நமது கிடுகுவேலி அயலாரின் கண்ணை மறைக்குமேயன்றி முயலின் நகத்தையோ கீரியின் பல்லையோ தடுக்காது. தோண்டும் இயல்புடையதாதலின் வலையின் அடிப்பகுதி மண்ணினுட் புதைந்திருத்தல் வேண்டும். பருந்தும் காகமும் பூனையும் வரும் நாட்டில் மேலும் மூடியிருத்தல் வேண்டும். கட்டப்பட்ட நாயாயினும் அதன் குரைப்பும் மணமும் முயலைக் கலங்கச் செய்யும். அலரி, ஊமத்தை, ஆமணக்கு முதலிய நச்சுச் செடிகளும், கிருமிநாசினி தெளித்த புல்லும், முசுறு மொய்க்கும் மரத்தடியும் தவிர்க்கப்படவேண்டியன. அறுகம்புல்லாயினும் பழக்கமற்ற வயிற்றுக்குத் திடீரென மிகுதியாக அளித்தல் ஆகாது. முயலின் சமிபாடு நுண்ணுயிர்களின் சமநிலையில் தங்கியுள்ளதாதலின் சிறிது சிறிதாகவே பழக்குதல் வேண்டும். பின்புறம் அழுக்கடைந்த முயலில் ஈக்கள் முட்டையிடின் ஒரு நாளுக்குள்ளேயே புழுக்கள் தோன்றலாம். எனவே வெளியே சென்று மீண்டபின் உடலைப் பார்வையிடுதல் கடமையாகும். நுளம்பும் தெள்ளும் பரப்பும் முயல்நோய்கள் சில நாடுகளில் உள்ளன. அங்கெல்லாம் தடுப்பூசி பற்றி மிருக வைத்தியரிடம் முதலிற் கேட்டறிதல் வேண்டும்.

மூன்றாவது, யாவற்றினும் முக்கியமானது, முறை. முயலைக் காதைப் பிடித்துத் தூக்குதல் கொடுமை. அதன் எலும்புக்கூடு உடல் நிறையில் ஏறத்தாழ 8 சதவீதமே. பின்னங்காலின் தசைகளோ மிக வலியன. பிடிக்குள் திமிறி உதைத்தால் தன் முதுகெலும்பையே முறித்துக்கொள்ளக்கூடும். தூக்கவேண்டிய வேளையில் மார்பின் கீழ் ஒரு கையும் பின்புறத்தின் கீழ் ஒரு கையும் கொடுத்து உடலோடு அணைத்தல் வேண்டும். அதனினும் நன்று தூக்காமலே விடுவது. கூட்டையோ அது உறங்கும் பெட்டியையோ அடைப்பினுள் வைத்துக் கதவைத் திறந்து, அது தானாக வரும்வரை காத்திருத்தலே உத்தமமான வழி. முதல் நாள் அது வாசலில் நின்று முகர்ந்துவிட்டுத் திரும்பிப் போகலாம். அஃது அதன் விடை. மறுநாள் மீண்டும் வினவலாம். அடைப்பினுள்ளே இருபுறமும் வாயிலுள்ள ஒரு பெட்டி ஒளிவிடமாக இருத்தல் வேண்டும். ஓடி ஒளிய இடமுண்டு என்பதை அறிந்த முயலே அஞ்சாது மேயும்.

கழுத்துவார் கட்டுதல் எக்காரணத்தாலும் தகாது. மார்பைச் சுற்றி அணிவிக்கும் வார்ப்பட்டையாயினும், முதலில் வீட்டினுள் பல நாள் பழக்கியபின்னரே பயன்படுத்தலாம். அப்போதும் முயல் செல்லும் வழியே மனிதர் செல்லவேண்டுமேயன்றி, மனிதர் செல்லும் வழியே முயலை இழுத்தல் கூடாது. பழக முடியாத முயலும் உண்டு. அதனிடம் வற்புறுத்தாமையே அன்பு. வீட்டினுள்ளே ஓடவும் மண் நிரப்பிய பெட்டியிலே தோண்டவும் வசதி செய்துகொடுப்பின் அதன் உரிமை பெரிதும் நிறைவேறிவிடும்.

கட்டு யாருக்கு?

மேற்கூறிய விதிகளை ஒருங்கே நோக்கும்போது ஓர் உண்மை தெளிவாகின்றது. அவற்றுட் பெரும்பாலானவை முயலைக் கட்டுப்படுத்தும் விதிகளல்ல, மனிதரைக் கட்டுப்படுத்துவன. விடியலில் எழவேண்டியவர் மனிதர். மண்ணைத் தோண்டி வலை பதிக்கவேண்டியவர் மனிதர். தூக்க விரும்பும் கையை அடக்கிக்கொண்டு காத்திருக்கவேண்டியவரும் மனிதரே. காட்சிப்படுத்தும் ஆசையையும், உடனே விளையாடவேண்டுமென்ற அவசரத்தையும் விட்டுக்கொடுப்பவர் அவரே. வளர்ப்புயிரின் சுதந்திரம் வளர்ப்போரின் கட்டுப்பாடுகளினால் ஆக்கப்படுகின்றது எனலாம். எங்கே வளர்ப்போர் எதனையும் இழக்கவில்லையோ, அங்கே முயல் எதனையும் பெறவில்லை என்று ஐயுற இடமுண்டு.

1958இல் ஐசாயா பேர்ளின் சுதந்திரத்தின் இரு கருத்துக்களை வேறுபடுத்தினார். தடையின்மை ஒன்று. தன்னைத் தானே ஆளுதல் மற்றது. வளர்ப்பு முயலின் வழக்கில் தடையின்மை என்பது சாவுக்கு மறுபெயராகலாம். வேலியில்லா வெளியில் அது அஞ்சி ஒரு மூலையில் ஒடுங்கும். வேலியுள்ள வெளியிலோ துள்ளி ஓடும். இங்கு வேலி சுதந்திரத்தின் பகையன்று, அதன் நிபந்தனை.

இவ்வாதத்தின் எல்லை

இவ்விடத்து எச்சரிக்கை ஒன்று இன்றியமையாதது. 'வேலியே சுதந்திரத்தின் நிபந்தனை' என்னும் கூற்று முயலைப் பற்றியதாயின் ஏற்கத்தக்கது. மனிதரைப் பற்றியதாயின் அதனினும் ஆபத்தான கூற்று வேறில்லை. உன் நன்மைக்காகவே உன்னை உள்ளே வைத்துள்ளோம் என்பது எத்தனை வீடுகளிற் பெண்களுக்குச் சொல்லப்பட்டது! 2009ஆம் ஆண்டில் வவுனியாவின் முகாம்களில் முட்கம்பிக்குள் வைக்கப்பட்ட இலட்சக்கணக்கான மக்களுக்கும், அவ்விடங்கள் நலன்புரி நிலையங்கள் என்றே கூறப்பட்டது. இங்கு முயலின் வாதம் செல்லாது. ஏன்? மனிதருக்குத் தமது ஆபத்தைத் தாமே அளக்கும் அறிவும், அதனை ஏற்பதா மறுப்பதா என்று கூறும் நாவும் உண்டு. கேட்டால் விடை சொல்லக்கூடியவரைக் கேளாமலே காத்தல், அவரை முயலாக்குதலாகும்.

பேகனின் வரலாறு இங்கு மீண்டும் நினைவுக்கு வருகின்றது. மயிலுக்கு இரங்கிய அவன், தன் மனைவி கண்ணகியைத் துறந்திருந்தான். அவளது துயர் நீக்குமாறு கபிலர், பரணர் முதலிய புலவர்கள் அவனிடம் இரந்த பாடல்கள் புறநானூற்றில் உள்ளன. பேசவியலாத மயிலின் குறையைத் தானே கற்பித்துக்கொண்டவன், பேசவல்லாளின் குறையைக் கேளாதிருந்தான். விலங்கினிடம் காட்டும் அன்பு மனிதரிடம் காட்டவேண்டிய நீதிக்கு ஈடாகாது என்பதை இதனினும் தெளிவாக உணர்த்தும் வரலாறு நமது இலக்கியத்தில் அரிது.

எனினும் முயலிடத்திலிருந்து மனிதரிடத்துக்குக் கொண்டு செல்லத்தக்க பாடமும் ஒன்றுண்டு. பேசவியலாத உயிரிடத்தேயே அதன் குறிகளைக் கற்று, அது தானாக வரும்வரை காத்திருத்தல் கடமையாயின், பேசவல்லாரிடத்து அக்கடமை எத்துணைப் பெரிது!

வளர்த்தல் தகுமா?

இறுதியாக ஓர் ஆட்சேபம். இவ்வளவு இடர்ப்பாடு உண்டாயின் முயலை வளர்க்காது விடுதலே நன்றன்றோ? இவ்வாட்சேபத்தில் உண்மை உண்டு. இயலாதவர் தொடங்காமை நன்று. ஆனால் ஏற்கனவே பிறந்து நமது கூட்டில் வாழும் உயிருக்கு அவ்விடை பயன்படாது. எட்டு முதல் பன்னிரண்டு ஆண்டுகள் வரை வாழக்கூடிய அவ்வுயிரின் முன் நாம் கடனாளிகளாக நிற்கின்றோம்.

1995ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆம் நாள் வலிகாமத்து மக்கள் ஒரே இரவில் இடம்பெயர்ந்தபோது, கட்டிநின்ற மாடுகளை அவிழ்த்துவிட்டுச் சென்றோர் பலர். அவர்களுக்கு வேறு வழி இருக்கவில்லை. கட்டோடு மடிவதிலும் அவிழ்ந்து அலைவது மேல் எனக் கருதிச் செய்த இறுதிக் கருணை அது. அவிழ்த்துவிடுதல் விடுதலையாகாது என்பதை அவர்களே நன்கறிந்திருந்தனர். அதனாலேயே திரும்பிப் பார்த்துக்கொண்டு சென்றனர். வேறு வழி உள்ள காலத்தில், வளவும் பொழுதும் நமது கையிலுள்ள அமைதிக் காலத்தில், வெறுமனே திறந்துவிடுதலையோ வெறுமனே பூட்டிவைத்தலையோ கருணை எனக் கூறிக்கொள்ள நமக்கு உரிமையில்லை.

ஆகவே, காவலா சுதந்திரமா என்று தொடங்கிய வினாவுக்கு நாம் காணும் விடை இதுவாகும். காவல் சுதந்திரத்தின் பொருட்டு இருத்தல் வேண்டும். சுதந்திரம் பெறுவோரின் இயல்பினால் அளக்கப்படுதல் வேண்டுமேயன்றிக் கொடுப்போரின் மகிழ்ச்சியினால் அளக்கப்படலாகாது. முயலை வெளியே விடுவதன் அறம் கதவைத் திறப்பதோடு முடிந்துவிடுவதில்லை. வெளியே வந்த முயல் அஞ்சினால் ஓடி மீளுவதற்காக அக்கதவு திறந்தே இருக்கவேண்டும். வெளியேறவும் மீளவும் இயலுமாறு கதவொன்றைத் திறந்து வைத்துக்கொண்டு, பக்கத்திலே அமைதியாக அமர்ந்திருத்தல், ஆள்பவர் ஆளப்படுவோருக்குச் செய்யக்கூடிய எளிய நீதிகளுள் ஒன்று. அதற்கு வேண்டியது பொருளன்று, பொறுமை.